செயலாளர் ஆண்டறிக்கை 2013-14: தகவல் பலகையும் சந்தா பாக்கியும்

தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளர் அண்ணன் அவர்களுக்கும், இந்தப் பொதுக்குழுவுக்கு நேரத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். இதன் நகல் அவர்கள் வீட்டுக்கும் போகும், ஏனென்றால் பாதி அறிக்கை அவர்களைப் பற்றியதுதான்.

முதலில் வழக்கமான நிகழ்ச்சிகள். ஆடிப்பெருக்கு அன்று கூடுதுறையில் மோர்ப்பந்தல் போட்டோம். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ரத்ததான முகாம் நடந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி வைத்தோம், நடுவர் தீர்ப்பை ஏற்காத இரண்டு வீட்டார் அப்புறம் சங்கத்துப் பக்கம் வரவில்லை. படிப்பகத்தின் மேற்குப் பக்கத்தில் மழைக்கு ஒழுகிய ஓடுகளை மாற்றினோம். வழக்கமாக வாங்கும் பத்திரிகைகளில் ஒன்றைக் கையில் பணம் இல்லாமல் நிறுத்தினோம், எதை நிறுத்தினோம் என்று கேட்பவர்கள் அதைப் படித்தவர்களாக இருந்தால் பதில் சொல்கிறேன்.

இனி, நம் ஊர்ப் பக்கத்துத் தலைமை நீதிபதியைப் பற்றிப் படிப்பகத் திண்ணையில் வைத்த தகவல் பலகை. இதைப் பற்றித்தான் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் ஆளாளுக்கு ஒன்று பேசியிருக்கிறீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், தீர்மானப் புத்தகத்திலும் ஏறட்டும்.

2013 ஜூலை 19-ஆம் தேதி, நம் பவானிக்குப் பக்கத்துக் காடப்பநல்லூரில் பிறந்த நீதியரசர் பி. சதாசிவம் அவர்கள் இந்தியாவின் 40-ஆவது தலைமை நீதிபதியாகப் பதவியேற்றார். குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி பிரமாணம் செய்துவைத்தார். தமிழ்நாட்டிலிருந்து இதற்கு முன் அந்த நாற்காலிக்குப் போனவர் பதஞ்சலி சாஸ்திரி ஒருவர்தான், அவர் ஓய்வு பெற்றது 1954 ஜனவரியில். ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்து மறுபடி ஒருவர் போகிறார், அதுவும் நம் தாலுகாப் பக்கத்திலிருந்து, விவசாயக் குடும்பத்திலிருந்து. ஊருக்குச் சந்தோஷம் வராமல் இருக்குமா? எனக்கும் வந்தது. எனக்கு வரவில்லை என்று சிலர் சொல்லித் திரிவது உண்மையல்ல.

அந்த வாரமே செயற்குழு கூடியது. அதிசயமாக எல்லோரும் வந்திருந்தார்கள். மூன்று யோசனைகள் வந்தன. ஒன்று, அந்தியூர் பிரிவில் பெரிய பிளெக்ஸ் வைப்பது, அதில் செயற்குழு உறுப்பினர்கள் அனைவரின் படமும் இருக்க வேண்டும். இரண்டு, ஒரு குழுவாக டெல்லிக்கு ரயிலேறி, நல்ல பவானி ஜமக்காளம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்துப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது. மூன்றாவதுதான் வில்லங்கம். போவதே போகிறோம், வெறுங்கையோடு எதற்குத் திரும்ப வேண்டும், காவிரியில் சாயத்தண்ணி கலப்பது பற்றி ஒரு மனு கொடுத்துவிடலாமே என்று ஒருவர் ஆரம்பித்தார். நல்ல விஷயம்தான். ஆனால் அது முடிவதற்குள் இன்னொருவர் தன் பங்காளியோடு நடக்கும் நிலத் தகராறை எடுத்தார், வருஷக் கணக்காக வாய்தா மேல் வாய்தாவாம். "நம்ம மண்ணுக்காரருங்க. நேர்ல போய் நின்னா, என்ன ஏதுன்னு கேக்காமயா உட்டுருவாரு?" என்றார். பலர் தலையாட்டினார்கள்.

நான் எழுந்து எதிர்த்தேன். அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். 1997-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் கூடித் தங்களுக்குத் தாங்களே ஒரு நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டார்கள். நீதிபதி தன் பதவியின் கண்ணியத்துக்கு ஏற்ற அளவு மற்றவர்களிடமிருந்து விலகி இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அந்த விலகலை அவர் காப்பாற்ற வேண்டுமென்றால் ஊர்க்காரர்களும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டாமா? சாயத்தண்ணி விஷயம் பொதுநலம், அதற்கு ஊர்க்காரர் தயவே தேவையில்லை, உச்ச நீதிமன்றத்துக்கு யார் வேண்டுமானாலும் தபாலில் கடிதம் எழுதலாம், கன்னியாகுமரிக்காரர் கடிதத்தை எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் பவானிக்காரர் கடிதத்தையும் பார்ப்பார்கள், பார்க்க வேண்டும். நிலத் தகராறுக்கோ மாவட்ட கோர்ட் இருக்கிறது, ஐகோர்ட் இருக்கிறது. ஊர் பேரைச் சொல்லி உள்ளே போய் நின்றோம் என்றால் அந்த மனிதர் நாற்பது வருஷம் சேர்த்த பேருக்கு நாம்தான் முதல் கறை. அவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய மரியாதை, போய்ப் பார்க்காமல் இருப்பது.

ஓட்டெடுப்பில் நூலிழையில் என் பக்கம் ஜெயித்தது. தோற்றவர்களில் சிலர் அன்றைக்குப் போட்ட செருப்பை இன்னும் இந்த வாசலில் கழற்றவில்லை. சந்தாவும் தரவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

போய்ப் பார்க்க வேண்டாம் என்றால் வேறென்ன செய்வது? அவர் எப்படிப் படிப்படியாக மேலே போனார், என்ன தீர்ப்பெழுதினார் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும்படி வைப்போம் என்றேன். அப்படி வந்ததுதான் படிப்பகத் திண்ணையில் இருக்கும் அந்தப் பலகை. எட்டுக்கு நாலு பிளைவுட், பச்சைத் துணி, குண்டூசி. நடுவில் சார்ட் பேப்பரில் ஏணி மாதிரி வரைந்து, ஒவ்வொரு படியிலும் வருஷத்தைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதியது என் பேத்தி. தீர்ப்புகளை நீதிமன்றத்தின் இணையதளத்திலிருந்து இறக்கிக் கொடுத்தது என் மருமகன். அவற்றைப் படித்து, நமக்குப் புரிகிற தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி எழுதியது நான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, "செயலாளர் சும்மா பேப்பர் வெட்டி ஒட்டுகிறார்" என்று பேசியவர்களுக்காகச் சொல்கிறேன். இருநூறு பக்க இங்கிலீஷ் தீர்ப்பை ஒரு தாளில் கொண்டுவர எத்தனை ராத்திரி விளக்கெரியும் என்று மின்சாரக் கட்டணம் கட்டுகிற என் வீட்டு அம்மாவைக் கேட்டால் தெரியும்.

ஏணியின் படிகளை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், பலகைப் பக்கம் வராதவர்கள் நிறையப் பேர் இருப்பதால். 1949 ஏப்ரல் 27-இல் பிறந்தார். குடும்பத்தில் முதல் பட்டதாரி. பி.ஏ. படித்தது சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில், சட்டம் படித்தது சென்னை அரசு சட்டக் கல்லூரியில். 1973 ஜூலையில் வக்கீலாகப் பதிவு செய்தார். கூடுதல் அரசு வழக்கறிஞர், சிறப்பு அரசு வழக்கறிஞர் என்று இருந்தார், போக்குவரத்துக் கழகங்களுக்கும் நகராட்சிகளுக்கும் வங்கிகளுக்கும் வாதாடினார். 2001 ஜனவரி 8-இல் சென்னை ஐகோர்ட் நீதிபதி. 2007 ஏப்ரலில் சண்டிகருக்கு, பஞ்சாப் ஹரியானா ஐகோர்ட்டுக்கு மாற்றல். நாலே மாதத்தில், 2007 ஆகஸ்ட் 21-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி.

இந்தப் படிகளைப் பார்த்துவிட்டு எட்டாவது படிக்கிற ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "தாத்தா, 1973-க்கும் 2001-க்கும் நடுவுல ஏணியில இவ்ளோ பெரிய இடைவெளி இருக்கே, அப்ப என்ன பண்ணுனாரு?" பெரியவர்கள் யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி. இருபத்தேழு வருஷம் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார் என்றேன். முன்சீப்பாகச் சேர்ந்து, சப் ஜட்ஜாகி, மாவட்ட நீதிபதியாகி மேலே வருகிற பாதை ஒன்று உண்டு. அதில் வருகிறவர்கள் ஐகோர்ட்டைத் தொடும்போதே ஓய்வுக் காலம் நெருங்கியிருக்கும், ஏனென்றால் ஐகோர்ட் நீதிபதிக்கு 62 வயதோடு சரி. வக்கீல் தொழிலிலிருந்து நேராக எடுக்கப்படுவது இன்னொரு பாதை. இவர் வந்தது அதில், 51 வயதில். அரசு வழக்கறிஞர் வேலை என்பது தினமும் நீதிபதிகள் கண்ணெதிரில் பரீட்சை எழுதுவது. யார் வழக்குக் கட்டைப் படித்துவிட்டு வருகிறார், யார் வாய்தா கேட்டே காலம் தள்ளுகிறார் என்று மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். பேர்களைத் தேர்ந்தெடுப்பதும் அவர்கள்தான். ஐகோர்ட் தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த இரண்டு மூத்தவர்களும் பேரை அனுப்ப வேண்டும், டெல்லியில் உச்ச நீதிமன்ற மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் ஏற்க வேண்டும், மத்திய அரசின் கோப்பு நகர வேண்டும், கடைசியில் குடியரசுத் தலைவர் கையெழுத்து. இதில் எந்த இடத்திலும் விண்ணப்பம் போடுவது என்ற பேச்சே கிடையாது, யாராவது நம் பேரை எழுதும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம் அதிர்ஷ்டமும் உண்டு. இதைப் பலகையில் எழுதியதற்கு ஒரு உறுப்பினர் கோபித்துக்கொண்டார், உழைப்பைக் கொச்சைப்படுத்துகிறேனாம். கணக்கைப் பாருங்கள். உச்ச நீதிமன்றத்தில் 65 வயதில் ஓய்வு. தலைமை நீதிபதி ஓய்வு பெறும்போது அங்கே யார் மூத்தவரோ அவரே அடுத்தவர். இவருக்கு முன் தலைமை நீதிபதியாக இருந்த அல்தமஸ் கபீர் ஓய்வு பெற்றது 2013 ஜூலை 18. நம்மவர் ஒரே ஒரு வருஷம் முன்னால் பிறந்திருந்தால் 2013 ஏப்ரலிலேயே வீட்டுக்குப் போயிருப்பார், எத்தனை திறமை இருந்தாலும் தலைமை நாற்காலி கிடைத்திருக்காது. பிறந்த தேதியும் 2007-இல் உள்ளே போன தேதியும் பொருந்தி வந்ததால் ஒன்பது மாதம் கிடைத்தது. அந்த ஒன்பது மாதத்தில் என்ன செய்தார் என்பதில் மட்டும்தான் உழைப்பைப் பற்றிப் பேச முடியும்.

அதைத்தான் பதினைந்து நாளுக்கொரு முறை மாற்றி மாற்றி ஒட்டினேன். முதலில், தலைமை நீதிபதியாவதற்கு முன் எழுதிய தீர்ப்புகள். 2013 மார்ச் 21 அன்று மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கு. அதில் சஞ்சய் தத்துக்கு ஐந்து வருஷம் என்று வந்ததால் பலகை முன்னால் நல்ல கூட்டம். அதே தீர்ப்பில் பத்துப் பேருடைய தூக்கு ஆயுளாகக் குறைந்ததையும் யாகூப் மேமனுக்குத் தூக்கு உறுதியானதையும் நின்று படித்தவர்கள் குறைவு. ஒடிசாவில் கிறிஸ்தவ மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் இரண்டு மகன்களும் எரிக்கப்பட்ட வழக்கில் 2011 ஜனவரியில் வந்த தீர்ப்பையும் ஒட்டினேன். தாரா சிங்குக்கு ஆயுள் தண்டனை போதும் என்ற முடிவு அப்படியே நின்றது, ஆனால் மதமாற்றம் பற்றித் தீர்ப்பில் இருந்த சில வரிகளுக்குக் கண்டனம் எழுந்து, சில நாட்களிலேயே நீதிமன்றமே அந்த வரிகளை நீக்கியது. அதையும் எழுதினேன். ஊர்க்காரரைப் பற்றி இதையெல்லாம் எழுதலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். எழுதலாம் ஐயா. வரியை நீக்கியது அவர் உட்கார்ந்திருந்த அமர்வே. மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

2013 செப்டம்பர் 27-இல் நோட்டா தீர்ப்பு. எந்த வேட்பாளரும் வேண்டாம் என்று சொல்ல அதற்கு முன்பும் 49-ஓ என்ற தேர்தல் விதி இருந்தது, ஆனால் வாக்குச்சாவடி அதிகாரியிடம் போய்ச் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், பூத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாக் கட்சி ஏஜென்ட்டுக்கும் யார் என்று தெரிந்துவிடும். ஓட்டுப் போடாதவனுக்கும் ரகசியம் உண்டு, இயந்திரத்தில் ஒரு பொத்தான் வையுங்கள் என்றது தீர்ப்பு. டிசம்பரில் ஏற்காடு இடைத்தேர்தலில் அந்தப் பொத்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது, 2014 ஏப்ரல் நாடாளுமன்றத் தேர்தலில் நாமெல்லோரும் பார்த்தோம். இதைப் பற்றி நான் பேசிய மாலைக்கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. போண்டா போட்டதால் வந்தார்கள் என்று பொருளாளர் அண்ணன் சொல்கிறார், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நவம்பர் 12-இல் லலிதா குமாரி வழக்கு, ஐந்து நீதிபதிகள் அமர்வு. கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் போலீஸ் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டும், குடும்பத் தகராறு, பணக் கொடுக்கல் வாங்கல், மருத்துவக் கவனக்குறைவு மாதிரி சிலவற்றில் மட்டும் முதலில் விசாரிக்கலாம், அதையும் ஏழு நாளில் முடிக்க வேண்டும் என்றார்கள், 2014 மார்ச்சில் அதைப் பதினைந்து நாளாக்கினார்கள். என்னைக் கேட்டால் நம் ஊருக்கு மிகவும் உபயோகமான தீர்ப்பு இதுதான். வண்டி தொலைந்தது என்று போனால் புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவது எல்லோருக்கும் தெரிந்த கதை. நம் உறுப்பினர் ஒருவர் பலகையில் இருந்த தாளை ஜெராக்ஸ் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். மூன்றாம் நாள் எஃப்.ஐ.ஆர். நகலோடு வந்தார். வண்டி இன்னும் கிடைக்கவில்லை, அது வேறு. பலகையால் பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனம் உண்டா என்று கேட்டவர்கள் அவரிடம் விசாரித்துக்கொள்ளலாம். அவர் சந்தாவும் கட்டிவிட்டார்.

ஜனவரியில் ஒட்டிய தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2014 ஜனவரி 21-ஆம் தேதி, கருணை மனுவை வருஷக் கணக்காகக் கிடப்பில் போட்டு வைத்தது ஒன்றே தூக்கை ஆயுளாகக் குறைக்கப் போதுமான காரணம், மனநோயும் ஒரு காரணம் என்று சதாசிவம், ரஞ்சன் கோகோய், சிவகீர்த்தி சிங் ஆகிய மூவர் அமர்வு 15 பேரின் தண்டனையைக் குறைத்தது. அந்த 15 பேரில் நால்வர் வீரப்பன் கூட்டாளிகள். பாலாறு என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1993 ஏப்ரல் 9, கண்ணிவெடி, போலீசாரும் வனத்துறையினரும் உட்பட 22 பேர் செத்தார்கள். மைசூரில் பயங்கரவாத வழக்குகளுக்கான தடா கோர்ட் 2001-இல் ஆயுள் கொடுத்தது, அவர்கள் அப்பீல் போனபோது 2004-இல் உச்ச நீதிமன்றமே அதைத் தூக்காக உயர்த்தியது, கருணை மனு நிராகரிக்கப்பட்டது 2013 பிப்ரவரியில். நடுவில் ஒன்பது வருஷம்.

அந்தத் தாளை ஓய்வுபெற்ற காவலரான நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பலகையில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று முழுவதும் படித்தார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பிறகு என்னிடம் வந்து, "தாமதம் பண்ணுனது டெல்லி ஆபீசுங்க. செத்தது நம்ம ஆளுங்க. நடுவுல லாபம் யாருக்குங்க?" என்றார். தீர்ப்பு அவர்களை நிரபராதி என்று சொல்லவில்லை, ஆயுள் தண்டனை அப்படியே இருக்கிறது, தினமும் காலையில் இன்றைக்கா நாளைக்கா என்று ஒருவனை ஒன்பது வருஷம் உட்காரவைப்பது அரசியல் சட்டம் அனுமதிக்கிற தண்டனை இல்லை என்றுதான் சொல்கிறது என்றேன். இனிமேல் கருணை மனு நிராகரித்த தகவலைக் கைதிக்குச் சொல்லி 14 நாள் கழித்துத்தான் தூக்கு என்று விதித்திருப்பதையும் காட்டினேன். எனக்குத் தீர்ப்பு சரியென்றுதான் படுகிறது. அவருக்குப் படவில்லை. தாளை எடுக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். எடுக்கச் சொன்னவர்கள் தாளைப் படிக்காதவர்கள்.

அடுத்து பிப்ரவரி 18, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் தூக்கும் அதே காரணத்தால் ஆயுளானது. அன்று பலகை முன்னால் இனிப்பு கொடுத்தவர்களும் உண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. அடுத்த நாளே மாநில அரசு அந்த வழக்கின் கைதிகள் ஏழு பேரையும் விடுவிக்கப்போவதாக அறிவித்தது, அதற்கடுத்த நாள் உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது, ஏப்ரல் 25-இல், அவர் ஓய்வுக்கு முந்தின நாள், விஷயம் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. நம் படிப்பகத்தில் இதை வைத்து வாக்குவாதம் முற்றி ஒரு நாற்காலி உடைந்தது. நாற்காலிச் செலவு கணக்கில் இருக்கிறது.

கணக்கு என்றதும் ஞாபகம். வரவுசெலவைப் பொருளாளர் அண்ணன் தனியாக வாசிப்பார். மொத்தத்தில் வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, சிறு பற்றாக்குறையை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம். பலகைக்கு ஆன செலவு அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. பிளைவுட் ஒரு மரக்கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தது, துணி சும்மா வந்தது, ஜெராக்ஸுக்கு மட்டும்தான் சங்கப் பணம். அந்த ஜெராக்ஸ் ரசீதுகளை எல்லாம் கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்க வருகிறவர்கள் சந்தா கட்டிய ரசீதையும் கொண்டுவந்தால் சௌகரியமாக இருக்கும்.

சந்தா விஷயத்தில் பேர் சொல்லப்போவதில்லை. வருஷத்துக்கு 300 ரூபாய், மாதத்துக்கு 25. நம் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த வருஷம் கட்டவில்லை. கஷ்டப்படுகிறவர்களை நான் கேட்கவில்லை, தறி ஓடாத மாதங்களில் யாரிடமும் கேட்டதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் டெல்லிக்கு ஏ.சி. பெட்டியில் டிக்கெட் போடலாம் என்று ஜூலையில் கை தூக்கியவர்கள் பேரெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது, பாக்கிப் பட்டியலும் பொருளாளரிடம் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. கொள்கை வேறுபாட்டால் கட்டவில்லை என்கிறார்கள். கொள்கை இருக்கட்டும், மின்விசிறியும் பேப்பரும் இரண்டு கொள்கைக்காரர்களுக்கும் பொதுவாகத்தானே ஓடுகிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: கட்டடத்துக்கு வாடகை ஏற்றாத உரிமையாளர், மோர்ப்பந்தலுக்குத் தயிர் கொடுத்தவர்கள், ரத்ததானம் செய்தவர்கள், பேப்பர் போடும் தம்பி, தலைவர் ஐயா, துணைத் தலைவர், செயற்குழு. விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அடுத்த ஆண்டு. நீதியரசர் 2014 ஏப்ரல் 26-இல் 65 வயது நிறைந்து ஓய்வு பெற்றுவிட்டார், அடுத்த நாள் ஆர்.எம். லோதா பொறுப்பேற்றார். அதனால் பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வீட்டுமனை விளம்பரத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று ஒரு யோசனை எழுத்தில் வந்திருக்கிறது. முடிவு செய்யவேண்டியது பொதுக்குழு. என் கருத்து, மதராஸ் ஐகோர்ட்டில் இப்போது என்ன தீர்ப்பு வருகிறது என்று அதே பலகையில் தொடரலாம். ஒன்பது மாதத்துச் சுருக்கங்களையும் ஒரு சிறு புத்தகமாகக் கட்டிப் பள்ளி நூலகங்களுக்குக் கொடுக்கலாம் என்று எழுதி முடித்து வைத்திருக்கிறேன். அச்சகத்தில் விலையும் கேட்டாகிவிட்டது. பாக்கிச் சந்தா வந்தாலே அந்தச் செலவு முடிந்துவிடும், நன்கொடைக்கு யார் வாசலிலும் நிற்க வேண்டாம்.

அவர் இப்போது பதவியில் இல்லையே, இனிமேலாவது போய்ப் பார்த்து நம் ஊர் விழாவுக்குக் கூப்பிடலாமா என்று ஜூலைக் குழுவினர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாகக் கூப்பிடலாம், எனக்கு இப்போது எந்த ஆட்சேபமும் இல்லை, முதல் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன். ஆனால் நிலத் தகராறுக்காரருக்கு ஒரு தகவல்: உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர் ஓய்வுக்குப் பிறகு இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும் வாதாடக் கூடாது என்று அரசியல் சட்டம் 124-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதனால் அந்தக் கட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.

கடைசியாக, செயலாளர் பதவி. மூன்று வருஷமாக இருக்கிறேன், வேறு யாராவது வந்தால் சந்தோஷமாகச் சாவியைக் கொடுப்பேன். வேட்புமனு கேட்டு அறிவிப்பு ஒட்டி ஒரு மாதமாகிறது, ஒரு மனுவும் வரவில்லை. "செயலாளர் தேர்தலுக்கும் நோட்டா உண்டா?" என்று மட்டும் ஒரு துண்டுச் சீட்டு வந்தது, கையெழுத்தை எனக்குத் தெரியும். நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் ஜெயித்தவர் என்பது இப்போதைய விதி. வேட்பாளரே இல்லாத தேர்தலுக்கு விதி ஒன்றும் இல்லை. இன்று கூட்டம் முடிவதற்குள் யாராவது பேர் கொடுத்தால் சரி, இல்லையென்றால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பின்கட்டில் காபியும் போண்டாவும் தயாராக இருக்கின்றன. பொருளாளர் அண்ணன் ரசீதுப் புத்தகத்தோடு அந்த வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். சில்லறை இல்லாதவர்களுக்கு அவரிடம் சில்லறை இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்